வெள்ளைப் பந்தின் இடத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

ஸ்னூக்கர் நடுவர் பயிற்சிக்கு வரும் புதியவர்களிடம் முதல் நாளே கேட்டுவிடுவேன்: "அந்த வீடியோவப் பார்த்தவங்க கையத் தூக்குங்க." எல்லாக் கையும் உயரும். பார்க்காதவர்கள்கூட பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்குவார்கள்.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பின்வரிசையிலிருந்து யாரோ ஃபோனில் எடுத்த எட்டு வினாடிக் காட்சி. கறுப்பு வெய்ஸ்ட்கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒரு குள்ளமான அம்மா, பச்சை மேசையில் வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைக்கிறாள். பந்தை எடுக்கிறாள். பயபக்தியோடு துடைக்கிறாள். அரங்கம் சிரிக்கிறது. அவ்வளவுதான். அந்த அம்மா நான்தான். முப்பத்தோரு வருடம் இந்த உத்தியோகத்தில் இருந்தேன், கையில் மிஞ்சியது எட்டு வினாடி.

போன மாதம் வகுப்பில் கூரைக் கேமராவைப் பற்றிப் பாடம் நடந்தது. இப்போதெல்லாம் பந்துகள் இடம் மாறிவிட்டால், பழைய இடம் எது என்று கேமரா பார்த்துத் திரையில் காட்டிவிடும். நல்ல விஷயம்தான். எனக்கு முட்டி வலி, குனிந்து பார்க்கும் வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சந்தோஷம். ஆனால் பிரியா என்ற ஒரு பெண் எழுந்து, "ஆன்ட்டி, அப்ப கேமரா இல்லாம எப்படி மேனேஜ் பண்ணீங்க? டிஷ்யூ வச்சா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எம்ஆர்டி ரயிலில் ஏறி தோ பாயோ வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. அந்த எட்டு வினாடிக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லையே! அதனால் எழுதுகிறேன்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே உணவங்காடியில் சாப்பாடு வாங்க வரிசையில் நிற்பதற்கு முன்னால் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவோம். வைத்தால் அந்த இடம் நம்முடையது. அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது, பலகையும் மாட்டவில்லை. ஆனால் பசியில் கண் இருட்டினாலும் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல். தோ பாயோவில் ஒரு மனமகிழ் மன்றத்தில் பில்லியர்ட்ஸ் அறைக்கு முன்பதிவு எழுதும் வேலை. யாருக்கு எந்த மேசை, எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்க வேண்டும். ஒருநாள் புள்ளி எழுதுகிறவர் வரவில்லை, நான் எழுதினேன். இன்னொரு நாள் நடுவர் வரவில்லை, நான் நின்றேன். அப்புறம் அவர்கள் வந்தபோதும் என்னைப் போகச் சொல்லவில்லை. பரீட்சை எழுதினேன், தேறினேன், உள்ளூர்ப் போட்டிகளுக்கு நடுவர் ஆனேன். பத்து வருடக் கதை இதோடு முடிந்தது. அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை, மிஸ்டர் பெரேரா வரும்வரை.

மிஸ்டர் பெரேரா எங்கள் தலைமை நடுவர். யுரேஷியர், அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சம், ஆறடி உயரம். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. மேசைக்குப் பக்கத்தில் பேசிப் பேசி, டாக்சிக்காரரிடம் வழி சொல்வதும் கிசுகிசுப்பாகவே ஆகிவிட்டது. டாக்சிகள் அவரை எங்கெங்கோ கொண்டுபோய் விட்டிருக்கின்றன.

போட்டி நாளில் அவர் எங்களை வரிசையாக நிறுத்திக் கைகளை நீட்டச் சொல்வார். முதலில் நகம். அடுத்து மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழன்றிருக்க வேண்டும். அதற்கப்புறம் கையுறை. தையல் உள்ளே இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்ப்பார். பவுடர் கூடாது, பந்தில் ஒட்டும். கடைசியாக முகர்ந்து பார்ப்பார். முதல் தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்: "மிஸஸ் வள்ளி, காலையில் ரசமா?"

"சாம்பார்."

"பெருங்காயம். இரண்டாவது ஜோடியைப் போடுங்கள்."

என்னிடம் அவருக்கு இரண்டு கவலை. ஒன்று என் உயரம். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நீலப் பந்து குழியில் விழுந்தால் எடுத்து மேசையின் நட்டநடுவில் திரும்ப வைக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று எட்டினால் எனக்கு விரல்நுனிதான் போய்ச் சேரும். "நீட்டலாம், சாயலாம். படுக்கக் கூடாது. இது மேசை, மெத்தை இல்லை" என்பார். வீட்டுச் சமையலறையில் ஒற்றைக்காலில் நின்று எலுமிச்சம்பழத்தை மேடையின் மறுகோடியில் வைத்து வைத்துப் பழகினேன். என் வீட்டுக்காரர் புக்கிட் பாஞ்சாங்கில் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தவர் நேராகக் குளிக்கப் போய்விட்டார்.

இரண்டாவது கவலை என் தாலி. மோதிரம் கழற்றலாம், தாலியைக் கழற்றமுடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டினார். ஒரு பயிற்சி ஆட்டத்தில் கறுப்புப் பந்தை வைக்கக் குனிந்தேன். கொடி காலருக்கு வெளியே நழுவி, ஊஞ்சல் மாதிரி ஆடி, ஒரு சிவப்புப் பந்தைத் தட்டிவிட்டது. பந்து மெதுவாக உருண்டு குழியில் விழுந்தது. மிஸ்டர் பெரேரா வந்து என் காதருகே சொன்னார்: "மிஸஸ் வள்ளி, உங்கள் கணவர் ஃபவுல் செய்துவிட்டார்."

"சார், நடுவர் கை பட்டா ஃபவுல் இல்லன்னு விதி இருக்கே?"

"நடுவர் பட்டால் இல்லை. உங்கள் கணவர் நடுவர் இல்லையே."

வீட்டில் சொன்னபோது கணவர், "நான் அந்த நேரத்துல பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன், வேணும்னா டிப்போவுல கேட்டுப் பாரு" என்றார். மறுநாளிலிருந்து தாலியைச் சட்டையின் உட்புறத்தில் ஊக்கு போட்டு மாட்டினேன்.

ஆட்டம் நடக்கும்போது நடுவரிடம் யாரும் பேசக்கூடாது. அதனால் மிஸ்டர் பெரேரா அரங்கின் முதல் வரிசையில் உட்கார்ந்து இருமுவார். ஓர் இருமல்: அவசரப்படாதே. இரண்டு: தப்பு செய்கிறாய். மூன்று: எதையும் தொடாதே, அப்படியே நில். பார்வையாளர்களுக்கு அது ஒரு வயதான மனிதரின் தொண்டைக் கோளாறு. எங்களுக்கு அது தலையெழுத்து.

பந்தைத் துடைக்கும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆட்டக்காரர் கேட்டால் நடுவர் பந்தை எடுத்துத் துடைத்துத் தரலாம். எடுப்பதற்கு முன்னால் அதன் இடத்தை அடையாளம் வைக்க வேண்டும். அதற்கென்று பிளாஸ்டிக்கில் ஒரு சின்னத் துண்டு உண்டு. ஒரு பக்கம் பந்தின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டியிருக்கும். வலது கை விரல்கள் பந்தை அசையாமல் பிடித்திருக்க, இடது கை அந்தத் துண்டைப் பந்தோடு ஒட்டி வைக்கும். அப்புறம்தான் பந்தைத் தூக்க வேண்டும். விதியில் ஒரு வேடிக்கை உண்டு. பந்து திரும்ப வரும்வரை அந்த அடையாளப் பொருளுக்கே பந்தின் மதிப்பு. அதாவது அதுதான் பந்து. ஆட்டக்காரர் தெரியாமல் அதைத் தட்டினாலும் பந்தைத் தட்டியதாகவே கணக்கு. துண்டு எப்போதும் வெய்ஸ்ட்கோட்டின் இடதுபைக்குள் இருக்க வேண்டும். "கண் பந்தை விட்டு நகரக் கூடாது. கை தானாகப் போய் எடுக்க வேண்டும்" என்பார் மிஸ்டர் பெரேரா. என் கையை அப்படிப் பழக்கியவரே அவர்தான், பின்னால் நடந்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்று இன்றுவரை நினைக்கிறேன்.

இந்த மனிதருக்கு டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பதைக் கண்டாலே ஆகாது. ஒருமுறை தேக்கா உணவங்காடிக்குப் போனோம். மத்தியானக் கூட்டம். நான் வழக்கம்போல ஒரு மேசையில் டிஷ்யூவை வைத்து, மேலே சுழலும் காற்றாடிக் காற்றில் பறந்துவிடாமல் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு வரிசைக்குப் போனேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"மிஸஸ் வள்ளி, ஒரு டிஷ்யூ பாக்கெட்டுக்கு உட்காரும் உரிமை எங்கிருந்து வந்தது?"

"எல்லாரும் செய்றதுதான் சார்."

"எல்லோரும் செய்யும் ஃபவுலும் ஃபவுல்தான்."

நான் பிரியாணியை வாங்கி வந்து உட்கார்ந்தேன். அவர் மட்டன் சூப்பை ஏந்திக்கொண்டு இருபது நிமிடம் காலி நாற்காலி தேடினார். எதிரே இருந்த இடத்தைக் கைகாட்டினேன். முறை தவறிப் பிடித்த இடத்தில் உட்காரமாட்டேன் என்று தலையசைத்தார். கடைசியில் ஒரு தூணில் சாய்ந்து நின்றபடி ஆறிப்போன சூப்பைக் குடித்தார். டை மட்டும் கசங்கவில்லை.

இனி அந்த இறுதிப்போட்டி.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் பல நாடுகளிலிருந்து வந்து ஆடிய போட்டி அது. யாரும் எதிர்பாராத விதத்தில் உள்ளூர்க்காரன் ஒருவன் இறுதிக்கு வந்துவிட்டான். ஃபைசல். மார்சிலிங்கில் வீடு, ஏர்கான் பழுதுபார்க்கும் வேலை. வருடக்கணக்காக வேலை முடிந்ததும் சீருடையோடு எங்கள் மன்றத்துக்கு வந்து ஆடுவான். அவனுக்கு மேசை முன்பதிவு எழுதி எழுதி என் பேனா தேய்ந்திருக்கிறது. ஒழிந்த மேசை இருந்தால் ஃபோன் போட்டுச் சொல்வேன். என்னை "வள்ளிக்கா" என்பான். எதிரே ஸ்காட்லாந்துக்காரர் டங்கன், நல்ல மனுஷர், மேசையைச் சுற்றி நடக்கும்போதுகூட எனக்கு வழிவிட்டு நடப்பார். ஒன்பது ஃபிரேம் முதலில் ஜெயிப்பவருக்குக் கோப்பை.

ஃபைசலுக்கு அது வாழ்க்கையின் பெரிய ஆட்டம். எனக்கும்தான். நான் நடுவராக நிற்கும் முதல் தொழில்முறை இறுதிப்போட்டி அது. அன்று மிஸ்டர் பெரேரா எழுதித் தரும் அறிக்கையைப் பார்த்துத்தான் எனக்கு சர்வதேச உரிமம் தருவதா இல்லையா என்று முடிவாகும். தராவிட்டால் திரும்பவும் முன்பதிவு ஏடுதான். எனக்கு வயது நாற்பத்தொன்பது. இன்னொரு தடவை கேட்பார்கள் என்று நம்பிக் காத்திருக்கும் வயது இல்லை.

அன்று பார்த்து மிஸ்டர் பெரேராவுக்குச் சளி பிடித்துக்கொண்டது.

காலையிலேயே மூக்கு தக்காளி மாதிரி சிவந்திருந்தது. ஆனால் டிஷ்யூவைத் தன் கோட்டுப்பையில் வைக்கமாட்டார், கோட்டு புடைத்து அழகு கெட்டுவிடுமாம். "நீங்கள் வைத்திருங்கள்" என்று என்னிடம் தந்தார். ஃபிரேமுக்கு ஃபிரேம் இடைவெளியில் ஓடிப்போய் ஒரு தாளை நீட்டுவேன். எட்டாவது ஃபிரேமோடு முதல் பாக்கெட் தீர்ந்தது. இடைவேளையில் புதிதாக ஒன்று வாங்கி, பிரிக்காமல், அவசரத்தில் இடதுபைக்குள் சொருகினேன். என் அடையாளத் துண்டுக்கு மேலேயே.

அதைவிடக் கொடுமை அவருடைய இருமல். அன்று முழுக்க இருமினார். ஒன்று, நான் நடையைக் குறைத்தேன். இரண்டு, புள்ளியை மனசுக்குள் திரும்பக் கூட்டினேன். மூன்று, சிலையாக நின்றேன். ஐந்து இருமியபோது என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். டங்கன் என்னைக் கவலையோடு பார்த்து, "உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டார். இப்படியே எட்டுக்கு எட்டு என்று சமநிலைக்கு வந்தார்கள். மிச்சம் ஒரே ஃபிரேம்.

அந்த ஃபிரேமின் கடைசியில் மேசையில் நான்கே பந்துகள். வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு. ஃபைசல் பதினான்கு புள்ளி பின்னால். மூன்று வண்ணப் பந்துகளையும் போட்டால் பதினெட்டு கிடைக்கும், கோப்பை அவனுக்கு. ஆனால் வெள்ளை முதலில் நீலத்தைத் தொட வேண்டும். டங்கன் தந்திரமாக ஆடி வெள்ளையை இளஞ்சிவப்புக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்திருந்தார். முழுசாக மறைத்தாரா, நீலத்தின் ஓரம் மயிரிழை தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தெரிந்தால் ஃபைசல் அதைக் குழியில் போட்டுவிடுவான். அவன் கை அப்படி. மறைந்திருந்தால் மேசையின் ஓரச் சுவரில் மோதவிட்டுச் சுற்றிவர வேண்டும், தவறினால் ஃபவுல், அத்தோடு ஆட்டம் முடிந்தது.

அவன் குனிந்தான், நிமிர்ந்தான். வெள்ளைப் பந்தில், கோல்நுனியில் தேய்க்கும் சுண்ணத்தூள் ஒட்டியிருந்தது.

"ரெஃப், பந்தக் கொஞ்சம் தொடச்சுக் குடுங்க."

நான் போனேன். கண் பந்தை விட்டு நகரவில்லை. வலது கை பந்தைப் பிடித்தது. இடது கை தானாகப் பைக்குள் போய் அகப்பட்டதை எடுத்து, பந்தோடு ஒட்டி வைத்து, ஓர் அமுக்கு அமுக்கியது. கையுறை போட்ட கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சந்தேகம் வந்திருக்காது. தினம் மத்தியானம் தேக்காவில் செய்கிற அதே வேலைதானே! பந்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டித் துடைத்தேன்.

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கியது. டங்கனின் கால்சட்டை எங்காவது கிழிந்திருக்கும், பாவம், என்று நினைத்துக்கொண்டு பார்வையைத் திருப்பாமல் துடைத்தேன். சிரிப்பு பெரிதானது. மேலே இருந்து யாரோ டங்கனைப் பார்த்துக் கத்தினார்கள்: "அங்கிள், அந்த டேபிள்ல ஆள் இருக்கு லா!"

டங்கன் மேசையைக் காட்டி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "நடுவரே, இது இந்த நாட்டு வழக்கமா?"

குனிந்து பார்த்தேன். பச்சைத் துணியின் மேல், பூப்படம் போட்ட டிஷ்யூ பாக்கெட். விதிப்படி அந்த நேரத்தில் அதுதான் வெள்ளைப் பந்து.

அதை வெடுக்கென்று எடுத்து ஒளித்துவிடத்தான் கை போனது. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். விரல் அதைத் தொடுவதற்கு முன்னால் முதல் வரிசையிலிருந்து கேட்டது. இருமல். இரண்டாவது. நான் நிற்கவில்லை. மூன்றாவது.

அப்படியே நின்றேன்.

நின்ற பிறகுதான் உறைத்தது. பந்து என் கையில் இருக்கிறது. அதன் இடம் எது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி அந்த டிஷ்யூ பாக்கெட். அதை எடுத்திருந்தால் எல்லாம் போயிருக்கும். ஆனால் அது என் பிளாஸ்டிக் துண்டு மாதிரி இல்லை, என் உள்ளங்கை நீளம் இருந்தது. பந்து அதன் எந்தப் பகுதியை ஒட்டி இருந்தது? ஃபைசல் வந்து பார்த்து, "இந்த மூலைகிட்ட இருந்துச்சு ரெஃப்" என்றான். அங்கே வைத்தால் நீலம் தெரியும். டங்கன் வந்து, நடுவில் இருந்ததாகத் தனக்கு ஞாபகம் என்றார். அங்கே வைத்தால் தெரியாது. இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. அவரவர் ஆசை அவரவர் கண்ணில் இருந்தது.

மேசை மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்க்க வேண்டும். மற்ற நடுவர்கள் மண்டியிட வேண்டியிருக்கும், எனக்குக் கொஞ்சம் முட்டியை மடக்கினால் போதும். மடக்கிப் பார்த்தேன். பாக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருந்தது.

புது பாக்கெட், உள்ளே டிஷ்யூ நிறைந்து கும்மென்று இருந்தது. காற்றாடிக்குப் பயந்து அமுக்கி அமுக்கிப் பழகிய கை இங்கேயும் அமுக்கியதால், பிடித்திருந்த பந்து அதில் பதிந்திருக்கிறது. பந்தின் வளைவு அப்படியே அச்சாக இருந்தது.

இப்போது ஒன்றை வெளிப்படையாக எழுதுகிறேன். ஃபைசல் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாயைத் திறந்து சொல்ல முடியாத அளவுக்கு ஆசை. அந்தப் பள்ளமும் கொஞ்சம் அகலம்தான். அதற்குள்ளேயே மயிரிழை இடது பக்கமாக வைத்தால் நீலத்தின் ஓரம் தெரியும். யாரும் கேட்கமுடியாது. கூரையில் கேமரா இல்லை. அரங்கத்தில் அத்தனை பேரும் அவன் பக்கம். அந்த நிமிடம் என் கை என்னிடம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பள்ளத்தின் ஆழமான இடம் எது என்று பார்த்து, அதில் பந்தை வைத்தேன். பந்து கிண்ணத்தில் முட்டை மாதிரி உட்கார்ந்தது.

டங்கன் தலையாட்டினார். ஃபைசல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். நீலம் தெரியவில்லை. அவன் நினைத்தால் மறுத்திருக்கலாம், வாதாடியிருக்கலாம். அரங்கம் முழுக்க அவனுக்காகக் கத்தியிருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஓகே ரெஃப்" என்றான். நான் டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்னால் நகர்ந்தேன்.

அவன் அடித்த அடி அழகான அடி. வெள்ளை இரண்டு சுவரில் மோதித் திரும்பி நீலத்தை நோக்கி வந்தது. வரும் வழியில் இளஞ்சிவப்பின் ஓரத்தை உரசியது. ஃபவுல், டங்கனுக்கு ஆறு புள்ளி. இப்போது ஃபைசல் இருபது பின்னால், மேசையில் மிச்சம் பதினெட்டு, இனி எட்டாது. நான் புள்ளியைச் சொன்னபோது என் குரல் மிஸ்டர் பெரேராவின் குரல் மாதிரி கிசுகிசுப்பாகத்தான் வந்தது. ஃபைசல் போய் டங்கனின் கையைக் குலுக்கினான். ஒன்பதுக்கு எட்டு, கோப்பை ஸ்காட்லாந்துக்குப் போனது.

எல்லாம் முடிந்து அவன் கோலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போனேன். "ஃபைசல், நான்..." என்று தொடங்கினேன்.

"வள்ளிக்கா, விடுங்க லா. டிஷ்யூ வச்ச எடத்துல நான் போய் உக்கார முடியுமா?" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரித்து முடிக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

உடைமாற்றும் அறையில் மிஸ்டர் பெரேரா கையை நீட்டினார். "அந்தப் பொருளைக் கொடுங்கள்." கொடுத்தேன். பள்ளத்தை விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு எடுத்துத் தொடச்சுக்குங்க சார்."

"இது சாட்சி. பிரிக்கக் கூடாது" என்று உறிஞ்சிக்கொண்டார். அதைத் தன் கோட்டுப்பைக்குள்ளேயே வைத்தார். கோட்டு புடைத்தது, அவர் கவலைப்படவில்லை.

"சார், அந்த மூணாவது இருமல்... எனக்காகவா?"

அவர் கதவருகே நின்று டையைச் சரிசெய்தார். "சளி" என்றார்.

அவர் எழுதிய அறிக்கையின் கடைசி வரிகள் பிறகு என் கைக்கு வந்தன. அடையாளப் பொருள் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டுமே விதி சொல்கிறது, எந்தப் பொருள் என்று சொல்லவில்லை. பயன்படுத்திய பொருள் கேவலம். வைத்த இடம் சரி. உரிமம் தரலாம். இவ்வளவுதான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று கணவர் சொன்னார். 'கேவலம்' என்ற வார்த்தை இருப்பதால் மாட்டவில்லை.

உரிமத்தோடு நான் நடுவராக நின்ற முதல் சர்வதேச இறுதிப்போட்டியும் சிங்கப்பூரிலேயே அமைந்தது. அதற்குள் மிஸ்டர் பெரேரா ஓய்வு பெற்றிருந்தார். முதல் வரிசையில் அவருக்கு ஒதுக்கிய நாற்காலி அன்று இல்லை. இடம் பிடித்தவர்களுக்கு இடம். மேசையைச் சரிபார்க்க நான் முன்னதாகவே அரங்கத்துக்குள் போனேன். நாற்காலிகள் எல்லாம் காலி. முதல் வரிசையில், எப்போதும் அவர் உட்காரும் இடத்தில், ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. பூப்படம் போட்டது, பிரிக்காதது. எடுத்துப் பார்க்கவில்லை, குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் பள்ளம் இருந்தது.

கூட்டம் வந்தது, முதல் வரிசை நிறைந்தது. அந்த ஒரு நாற்காலியை மட்டும் யாரும் தொடவில்லை. ஆட்டம் தொடங்கச் சற்று முன்பு மிஸ்டர் பெரேரா டை கட்டி, நிதானமாக நடந்து வந்தார். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் ஒரு திருடனைப் போலப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தார்.

அன்று நான் இரண்டு தப்பு செய்தேன். ஒரு தடவை புள்ளியை மாற்றிச் சொல்லித் திருத்தினேன், இன்னொரு தடவை நீலப் பந்தை வைக்க எட்டும்போது மேசையில் கொஞ்சம் படுத்தேவிட்டேன். இருமல் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. ஆட்டம் முடியும்வரை ஒரு தடவைகூட அவர் இருமவில்லை. கடைசி ஃபிரேமின் நடுவில், அத்தனை நாள் பிரிக்காமல் வைத்திருந்த பாக்கெட்டை அவர் பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் துடைத்தது மூக்கையா கண்ணையா என்று எனக்குத் தெரியாது. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.